வெடித்ததில் மிஞ்சியது யாருடையது

எண்பத்தேழாம் வருடம் மாசி மாதம், வானத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துவிட்டது என்று பத்திரிகைகளில் வந்தது. தெற்கே அடிவானத்தை ஒட்டிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்றும் எழுதியிருந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பார்க்காமல் விட்டால் மாணவிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று, பொழுது சாயச் சாய மொட்டை மாடியில் போய் நின்றேன். தெற்கே தெரிந்ததெல்லாம் புழுதியும் பஸ் ஸ்டாண்டு வெளிச்சமும்தான். ஒரு நாள் ஏதோ மினுக்கியது. இதுதானோ என்று நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல நகர்ந்து கீழே இறங்கியது. திருப்பரங்குன்றம் மலையில் யாரோ டார்ச் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“துணி எடுக்கப் போனவ ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறா. கழுத்து சுளுக்கிக்கப் போகுது, இறங்கி வாடி” என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போடுவாள்.

கடைசிவரை நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தும் அதுதான் என்று தெரியாமல் போயிருக்கலாம். அதுவும் தெரியவில்லை.

இப்படி நானே பார்க்காத ஒன்றை ஊருக்கெல்லாம் விளக்கும் வேலை சித்திரையில் என் தலையில் விழுந்தது. தமுக்கம் மைதானத்தில் நடக்கும் சித்திரைப் பொருட்காட்சியில் எங்கள் கல்லூரிக்கும் ஒரு ஸ்டால் கிடைத்திருந்தது. “நட்சத்திர வெடிப்புதான் இப்ப எல்லார் வாயிலயும் இருக்கு, அதையே வெச்சிடுவோம்” என்றார் எங்கள் துறைத் தலைவி. எல்லார் வாயிலும் இருந்தது அதுவல்ல, மீனாட்சி கல்யாணத்துக்கு எந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும் என்பதுதான். அதை மேடத்திடம் யார் சொல்வது?

புதிதாக வெடித்ததன் படம் எங்களிடம் இல்லை. அதனால் என்றோ வெடித்த ஒன்றின் மிச்சத்தை வைப்பதென்று முடிவாயிற்று. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சீனாக்காரர்கள் பட்டப்பகலில் பார்த்து எழுதிவைத்த வெடிப்பு அது. நட்சத்திரம் சிதறிவிட்டது. சிதறியது இன்னும் விரிந்துகொண்டே, ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதற்கு நண்டு நெபுலா என்று பேர் வைத்திருந்தார்கள். புத்தகத்தில் உள்ளங்கையளவு இருந்த படத்தை எங்கள் டிராயிங் மாஸ்டர் பெரிய கண்ணாடி ஒன்றில் வரைந்து கொடுத்தார். மனிதர் கோயில் திருவிழாவுக்குத் தட்டி வரைகிறவர், சிவப்பை அள்ளிப் பூசிவிட்டார். மஞ்சள் இழைகள், ஓரத்தில் பச்சை, நடுவில் நீலமாக ஒரு வெளிச்சம். அதை பிளைவுட் பெட்டியில் பொருத்திப் பின்னால் ட்யூப்லைட் போட்டதும் எனக்கே கை கூப்பத் தோன்றியது. எனக்கே தோன்றியது என்றால் ஊருக்குக் கேட்க வேண்டுமா?

முதல் நாளே தலை நிறையப் பூவோடு ஒரு அம்மா வந்து, “எந்தச் சாமிம்மா இது?” என்றார்.

“சாமி இல்லங்க. வெடிச்சுப் போன நட்சத்திரத்தோட மிச்சம்.”

“ஓ, ஜோதி ரூபமா!” என்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கழற்றியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். மறுநாள் பெட்டிமேல் ஒரு முழம் கதம்பம் கிடந்தது. அதற்கு மறுநாள் ஒருவர் பெட்டிக்கு முன்னால் சூடத்தையே கொளுத்திவிட்டார். கொட்டகை முழுக்கத் துணியும் பிளைவுட்டும். நான் பாய்ந்துபோய் ஊதி அணைத்தேன்.

“சூடத்த வாயால ஊதி அணைக்கலாமா? படிச்ச பிள்ள செய்யிற காரியமா இது? குடும்பம் வெளங்குமா?”

“பெட்டி பத்திக்கிரும்ணே.”

“பத்துனா அவன் பாத்துக்கிருவான்” என்று மேலே கையைக் காட்டினார்.

‘இது சாமி படம் அல்ல’ என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன். அந்த அட்டைக்கும் யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். வாலிபப் பையன்கள் வேறு விதம். “நண்டுன்னு போட்டிருக்கே, கால் எங்கக்கா?” என்று ஒருவன் கேட்பான். “மாப்ள, இது நண்டு இல்லடா, நண்டு ரசம்” என்று இன்னொருவன் சொல்வான். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

எரிச்சல் அவர்கள்மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குள்ளேயே ஒரு குழப்பம். வெடித்துச் சிதறிய பிறகு அதை நட்சத்திரம் என்பதா, இல்லை என்பதா? செத்துப்போனது என்றால் ஆயிரம் வருடமாக என்ன ஒளிர்கிறது? நடுவில் சுழலும் ஒரு கரு மிஞ்சியிருக்கிறது, அது தரும் ஆற்றலில் ஒளிர்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு அப்பளக் கடைப் பக்கம் போய்விடுவார். நான் மட்டும் அங்கேயே நின்று, நாம் சொன்னது நமக்குப் புரிந்ததா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போன அந்தப் படத்தை ஒருவர் மட்டும் கும்பிடவில்லை. பொருட்காட்சியில் கூட்டிப் பெருக்க வந்த ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். திருமங்கலத்துக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எங்கள் வரிசையைப் பெருக்கி முடித்ததும் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு படத்தின் முன்னால் நிற்பார். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இல்லை. அதுவே எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் ஒன்று, இரண்டும் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டும் இருக்காது.

“டீச்சரம்மா, இது வெடிச்சதா?”

“ஆமாக்கா.”

“வெடிச்சதுக்குப் பெறகும் இம்புட்டு மிஞ்சுமா?”

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். “என்னக்கா இம்புட்டுன்னு சொல்லிட்டீங்க? நம்ம பூமி, சூரியன், எல்லாத்தையும் தூக்கி உள்ள போட்டாலும் எங்க கெடக்குன்னு தெரியாது.”

அவர் அளவைப் பற்றிக் கேட்கவில்லை. “எங்க வீட்டு ஆளும் வெடியிலதேன் போனாக. ஒண்ணும் மிஞ்சலன்னுட்டாக” என்றார்.

மீதியையும் அவரே சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்த சாயங்காலங்களில்.

கோயில் கொடைகளுக்கு வாணவெடி செய்கிற கொட்டகை ஒன்றில் அவருடைய கணவர் வேலை பார்த்தார். போன வருடம் ஒரு காலையில் வீட்டில் சண்டை. “இந்த மருந்துப் பொழப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், பம்பாய்க்குப் போறேன்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான். மதியத்துக்குள் கொட்டகை வெடித்துவிட்டது. உள்ளே இருந்த மற்றவர்களை அவரவர் வீட்டார் எதையாவது வைத்து அடையாளம் கண்டு, எடுத்துக்கொண்டு போய்க் காரியம் செய்தார்கள். அக்காவுக்கு அடையாளம் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. சைக்கிள் மட்டும் வெளியே வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது.

“சைக்கிள் நிக்குதுன்னா ஆளு உள்ளதான இருந்திருக்கணும், டீச்சரம்மா? ஆனா எங்க அத்த ஒத்துக்கிர மாட்டேங்குது. சைக்கிள விட்டுட்டு பஸ்ஸேறிப் போயிட்டான், பம்பாயில இருக்கான், வருவான்னு சொல்லுது.”

மாமியார் ஒத்துக்கொள்ளாததால் பங்காளிகளும் ஒதுங்கிக்கொண்டார்கள். பெற்றவளே உயிரோடு இருக்கிறான் என்னும்போது நாங்கள் எப்படிக் கருமாதிக்கு வந்து உட்காருவது என்று கேட்டார்கள். நியாயம்தானே. தாலியைக் கழற்றவும் முடியவில்லை, பொட்டு வைக்கவும் மனது வரவில்லை. இதோடு போயிருந்தாலும் அந்த அக்கா பொறுத்திருப்பார். அவருடைய ஒரே மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தாம். ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்கள்: பொண்ணோட அப்பன் இருக்காரா, இல்லையா? இருந்தால் தாரை வார்த்துக் கொடுக்க வரட்டும். இல்லையென்றால் காரியத்தை முடித்துத் தீட்டுக் கழித்துவிட்டு வாருங்கள். ரெண்டும் இல்லாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது?

உடம்பு கிடைக்காவிட்டால் செத்த இடத்து மண்ணை எடுத்து, அதையே அஸ்தியாக வைத்து ஆற்றில் கரைப்பது உண்டு. கணவர் எப்போதும் உட்கார்ந்து குழாயில் வெடிமருந்து திணிக்கிற இடத்திலிருந்து இவரும் மண்ணை அள்ளி வந்திருக்கிறார். வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று ஒரு கலயத்தில் போட்டு வாய்க்குத் துணி கட்டி, வாசல் மரத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தார். ஒரு வருடமாக அது அங்கேயே தொங்கியது. மாமியார் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்: “அந்தக் கொட்டகையில நாலஞ்சு பேரு கெடந்தாக. நீ அள்ளியாந்த மண்ணுல எவன் எவன் கெடக்கானோ. அது எம்மகன்தேன்னு எப்பிடிடி சொல்லுவ? அடுத்த வீட்டு ஆம்பளைக்கு நீ காரியம் செய்வியா?”

இதைச் சொல்லிவிட்டு அவர் படத்தைக் கை காட்டினார். “அதேன் கேக்குறேன் டீச்சரம்மா. இதுல தெரியிறது அம்புட்டும் அந்த நட்சத்திரத்தோடதுதானா? இல்ல, பக்கத்துல கெடந்ததும் கலந்திருக்குமா?”

எனக்குத் தெரியவில்லை. பாடத்தில் அது இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

காலையில் துறைத் தலைவியிடம் கேட்டேன். “ஸ்டாலுக்கு வர்றவங்க இவ்வளவு டீடெய்லா கேக்குறாங்களா? சிலபஸ்ல இல்லாததையெல்லாம் போட்டு ஏன்மா குழப்பிக்கிறீங்க?” என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஆனாலும் லைப்ரரிக்குப் போய், தூசி தட்டி, அந்தப் புத்தகத்தில் மற்றவர்கள் தாண்டிப் போயிருந்த பக்கங்களையெல்லாம் படித்தேன்.

வெடித்துச் சிதறுவது சும்மா போவதில்லையாம். போகிற வழியில் கிடக்கும் வாயுவையும் தூசியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகிறது. நாளாக ஆக, நட்சத்திரத்திலிருந்து வந்ததைவிட வழியில் சேர்ந்ததுதான் அதிகமாகிவிடும். மோதிய வேகத்தில் எல்லாம் சேர்ந்து சூடேறி ஒளிர்கிறது. எங்கள் நண்டு அவ்வளவு பழையது அல்ல, அதில் நட்சத்திரத்தின் பங்கே அதிகம். ஆனால் பத்தாயிரக்கணக்கான வருடப் பழைய மிச்சங்களில் இந்தத் துளி நட்சத்திரத்துடையது, இந்தத் துளி வழியில் சேர்ந்தது என்று பிரித்துவைக்க முடியாது. படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியானால் அது மிச்சம்தானா? யாருடைய மிச்சம்? நட்சத்திரத்தின் பங்கே கொஞ்சம்தான் என்றால், நட்சத்திரத்தின் மிச்சம் என்று அதற்குப் பேர் கொடுத்தது யார்?

சாயங்காலம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்.

“கலந்துதான்க்கா கெடக்கும். வெடிச்சது, போற வழியில கெடந்ததையும் சேத்துச் சுருட்டிக்கிட்டுப் போகும். எது எதோடதுன்னு பிரிக்க முடியாது.”

“கலந்து போனா, பெறகு அதுக்கு யாரு பேரு?”

“வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சம்னுதான் எழுதியிருக்காங்க.”

“கலந்திருந்தாலுமா?”

“கலந்திருந்தாலும்.”

அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வானத்தைப் பற்றித்தானே சொன்னேன்? அவர் எதைக் கேட்டுக்கொண்டு போனார்?

மறுநாளே பதில் கிடைத்தது. மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து ஸ்டாலில் நிறுத்திவிட்டார். மெலிந்த, நிமிர்ந்த அம்மா. தண்டட்டி தொங்கும் காது. படத்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

“டீச்சரம்மா, என்கிட்ட சொன்னத எங்க அத்தைகிட்டயும் சொல்லுங்க.”

சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, “வானத்துல நடக்குறதுக்கும் என் வீட்டுக்கும் என்னா சம்மந்தம்?” என்றார்.

“சம்மந்தம் இருக்குன்னு நான் சொல்லலைங்கம்மா. அக்கா கேட்டாங்க...”

“இவ கேப்பா. இவளுக்கென்ன, எவளாச்சும் ஒருத்தி ஆமான்னு சொல்லணும், அம்புட்டுத்தேன். படிச்சவ சொல்லிட்டா எம்மகன் செத்துப் போயிருவானா?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா!”

“பின்ன என்னத்தச் சொன்ன?”

அக்காவைப் பார்த்தேன். அவர் மாமியாரிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அத்த, அது அம்புட்டும் அவுகதேன்னு நான் சொல்ல வரல. அதுல அவுகளும் இருக்காக. எனக்கு அது போதும். அழகரு மலைக்குத் திரும்பட்டும், நான் கரைக்கப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“நான் வரமாட்டேன். உசுரோட இருக்குறவனுக்கு எவளாச்சும் எள்ளுத் தண்ணி எறைப்பாளா?” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார். இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேருக்காகவும் அழுகையும் வந்தது. இதில் யார் பக்கம் நிற்பது? சைக்கிளை விட்டுவிட்டு ஒரு ஆள் பஸ் ஏறிப் போகவே மாட்டான் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

அந்த அக்கா கிளம்பும்முன் என்னிடம் வந்தார். “நீங்க கூட வாங்க டீச்சரம்மா. பங்காளிக யாரும் வரல. மகளையும் கூட்டியாரக் கூடாது, கல்யாணப் பொண்ணு. ஐயரு ஏதாச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

எனக்கு மட்டும் தெரியுமா? ஆனாலும் வாரேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அம்மா குதித்தாள். “வயசுப் பொண்ணு எவன் வீட்டுக் காரியத்துக்கோ போறதாவது! உனக்கென்னடி தலையெழுத்து?” கடைசியில், “வந்ததும் கொல்லைப் பக்கமா வந்து தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள காலெடுத்து வைக்கணும்” என்பதோடு விட்டாள்.

அழகர் திரும்பிய பிறகு ஒரு காலையில் வைகை படித்துறைக்குப் போனேன். திருவிழாவுக்குத் திறந்துவிட்ட தண்ணீர் வடிந்து ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மணலெல்லாம் தேங்காய் மூடியும் வாடிய பூவுமாகக் கிடந்தது. அக்கா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். மேல்படியில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டாங்களே” என்றேன் மெதுவாக.

“நான் ஒண்ணும் காரியத்துக்கு வரல. இவ எங்கிட்டாச்சும் விழுந்து கிழுந்து தொலைக்கப் போறான்னு வந்தேன்” என்று திரும்பாமலே பதில் சொன்னார். காது நல்ல கூர்மை.

படித்துறையில் காரியம் செய்துவைக்கிற ஐயர் தர்ப்பை, எள், பிண்டத்துக்கு அரிசி மாவு என்று எல்லாவற்றையும் பரப்பினார். கலயத்தின் துணியை அவிழ்க்கச் சொன்னார். கறுப்பும் வெள்ளையுமாக, கந்தக வாடை லேசாக வீசும் மண். நான் எதிர்பார்த்தது என்னவென்று தெரியவில்லை. அது வெறும் மண்ணாக இருந்தது. இதற்காகவா ஒரு வருடம் என்று ஒரு கணமும், இதையா ஒரு வருடம் தொங்கவிட்டிருந்தார் என்று மறுகணமும் தோன்றியது.

“மண்ணுதான் எடுத்திருக்கேளா? பரவாயில்லை, செய்யலாம்” என்றார் ஐயர். எள்ளை அள்ளி அக்காவின் கையில் போட்டு, தண்ணீரை ஊற்றத் தயாராகச் செம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “யார் பேருக்கும்மா? பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை.

“பேரு சொன்னாத்தான் போய்ச் சேரும். பேரு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் ‘அவுக’ என்றும் ‘எங்க வீட்டு ஆளு’ என்றும்தான் சொன்னாரே தவிர, ஒரு தடவைகூட அந்த மனிதரின் பேரைச் சொன்னதில்லை. கட்டிய நாளிலிருந்து சொல்லியிருக்கவே மாட்டார். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். நானும் கேட்டதில்லை. ஐயர் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். ஒரு மனிதனுக்குக் காரியம் செய்ய வந்து உட்கார்ந்திருக்கிறோம், அவன் பேரைச் சொல்ல அங்கே ஆளில்லை.

“சொல்லிருங்கக்கா. இனிமே என்னக்கா ஆயிரப் போகுது?” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஐயருக்குச் செம்பைப் பிடித்த கை வலித்திருக்க வேண்டும், மாற்றிப் பிடித்தார்.

மேல்படியிலிருந்து ஒரு பேர் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா இன்னும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போகுது வா என்று வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி, நல்ல சத்தமாகச் சொல்லியிருந்தார். ஐயர் மந்திரத்துக்கு நடுவே அந்தப் பேரைச் சேர்த்துச் சொன்னார். அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்.

அந்த அம்மா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, படியிறங்கி வந்து, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். எள் இருந்த அந்தக் கைக்குக் கீழே தன் கையையும் கொண்டுபோய் வைத்தார்.

“சரியாச் சொல்லுங்க சாமி” என்றார். “நான் வச்ச பேரு.”